நான்காவது வாசகர்

மருத்துவத்தில் எம்.டி., எம்.எஸ். படிப்பவர் எவரும் ஆய்வேடு கொடுக்காமல் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது. விடுதி அறைகளில் அதை ‘டெசர்டேஷன்’ என்பார்கள். சில ஊர்களில் ‘தீசிஸ்’. இந்திய மருத்துவக் கவுன்சில் 2000-ஆம் ஆண்டு வகுத்த முதுநிலைக் கல்வி விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்லின. தேர்வுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். குறைந்தது மூன்று பேர் அதை மதிப்பிட வேண்டும். அவர்களில் இருவர் வெளியிலிருந்து வருபவர்கள். இருவராவது ஏற்றுக்கொண்டால்தான் மாணவர் தேர்வெழுதலாம். கேள்வி கேட்டுத் தேடிப் பார்க்கும் மனத்தை வளர்ப்பது ஆய்வேட்டின் நோக்கம் என்றும் அந்த விதி சொன்னது.

ஆக, விதிப்படி ஓர் ஆய்வேட்டுக்கு மூன்று வாசகர்கள் உறுதி. நான்காவதாக அதைப் படிப்பவர் யார்?

பல்கலைக்கழகங்களும் மருத்துவத் துறைச் சங்கங்களும் ஆண்டுதோறும் சிறந்த முதுநிலை ஆய்வேட்டுக்குப் பரிசு தருகின்றன. ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ், சில இடங்களில் சிறு தொகை, மாநாட்டு மேடையில் சில நிமிடங்கள். இந்தப் பரிசுகள் மாணவரை ஊக்குவிக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. இரவுப் பணிக்கும் புறநோயாளர் கூட்டத்துக்கும் நடுவே தரவு சேகரிக்கும் ஒருவருக்கு, என்றோ கிடைக்கக்கூடிய பதக்கம் அவ்வளவு தெம்பு தராது. ஆனால் பரிசுக்கென்று ஒரு குழு உட்காரும்போது, ‘ஏற்கிறேன்’ என்று கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய அவசரம் இல்லாத ஒருவர் அந்த ஏட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டியிருக்கிறது. பரிசின் பெரும்பயன் அதுதான் என்று நினைக்கிறேன். மருத்துவ ஆய்வேடுகளின் பழைய வரலாறும் அதைத்தான் காட்டுகிறது.

1897 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரில் எர்னெஸ்ட் டுஷேன் என்ற 23 வயது ராணுவ மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். நுண்ணுயிர்களுக்குள் நடக்கும் வாழ்வுப் போட்டி அதன் பொருள். குறிப்பாக, பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள பகை. சாதாரணமாகப் பூஞ்சையைப் பாக்டீரியா வென்றுவிடுகிறது என்பதை முதலில் கண்டார். பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பூஞ்சை வெல்லும் சூழலும் உண்டா? கினிப் பன்றிகளுக்கு நோய் உண்டாக்கும் பாக்டீரியாவைச் செலுத்தி, கூடவே பெனிசிலியம் கிளாகம் என்ற பூஞ்சையின் வளர்ப்பையும் செலுத்தினார். பூஞ்சை பெற்ற விலங்குகள் பிழைத்தன. இதைத் தொடர்ந்து ஆராய்ந்தால் நோய்த் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் உதவும் உண்மைகள் கிடைக்கலாம் என்று முடிவுரையில் எழுதினார்.

பட்டம் கிடைத்தது. ஏடு அலமாரிக்குப் போயிற்று. பாரிஸில் உள்ள பாஸ்டர் நிறுவனத்துக்கு அதை அனுப்பினார் என்றும், வந்து சேர்ந்தது என்ற பதில்கூட வரவில்லை என்றும் சொல்வார்கள். ராணுவப் பணி அவரை ஆய்வைத் தொடர விடவில்லை. 1912-இல், 37 வயதில், காசநோயால் இறந்தார். அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-இல். ஃபிளோரி, செயின் இருவருடன் அவர் நோபல் பரிசு பெற்றது 1945-இல். அதன் பிறகே டுஷேனின் ஏட்டை யாரோ எடுத்துப் படித்தார்கள். 1949-இல் பிரெஞ்சு மருத்துவக் கழகம் அவரைக் கௌரவித்தது. இறந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் வாழ்ந்ததும் அத்தனை ஆண்டுகள்தான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு நேர்மை தேவை. டுஷேன் பெனிசிலினை முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் சரியல்ல. அவருடைய பூஞ்சை டைஃபாய்டு கிருமியையும் அடக்கியது. ஃபிளெமிங்கின் பெனிசிலின் அந்தக் கிருமியிடம் பலிக்கவில்லை. எனவே டுஷேனின் பூஞ்சை சுரந்தது வேறொரு பொருளாகவும் இருந்திருக்கலாம். பெனிசிலின் காசநோய்க்கு மருந்தும் அல்ல, அவர் உயிரை அது காத்திருக்காது. ஆனால் நல்ல கேள்வி ஒன்று, சரியான சோதனையோடு, அச்சிட்ட தாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. அதைப் படித்து ‘அப்புறம் என்ன செய்தாய்?’ என்று கேட்க ஒருவர் வரவில்லை.

ஒரு பரிசுக் குழு இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்குமா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பால் லாங்கர்ஹான்ஸின் கதை அதற்குச் சான்று.

1869 பிப்ரவரியில் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது அவருக்கு 21 வயது. கணையத்தின் நுண்ணமைப்பு அதன் பொருள். செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு இடையே, அங்கங்கே திட்டுத் திட்டாகக் கூடி நின்ற சிறிய செல்களை அதில் விவரித்தார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை ஏட்டிலும் மறைக்கவில்லை. 1888-இல் அவர் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1893-இல், லாகெஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அந்தத் திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸின் பெயரை வைத்தார். அந்தத் திட்டுகள் சுரக்கும் இன்சுலின் 1921-இல் டொரான்டோவில் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்கு ஊசி போடப்பட்டது. இன்று நம் பள்ளிப் பாடநூலில் ‘லாங்கர்ஹான் திட்டுகள்’ என்று மாணவர் மனப்பாடம் செய்யும் சொல், ஒரு மருத்துவ மாணவரின் ஆய்வேட்டிலிருந்து வந்தது.

கணைய ஆய்வேட்டுக்கு முந்தைய ஆண்டு, பெர்லின் பல்கலைக்கழகம் அறிவித்த ஒரு போட்டிக்காக இதே மாணவர் தோலை ஆராய்ந்திருந்தார். மேல்தோலில் கிளைவிட்ட ஒரு செல் வகையைக் கண்டு, நரம்பைச் சேர்ந்தது என்று எண்ணினார். அது நோயெதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்தது என்று தெரிய ஒரு நூற்றாண்டு பிடித்தது. கண்டது சரி, கண்டதற்குக் கொடுத்த விளக்கம் தவறு. அந்தச் செல்லுக்கும் இன்று அவர் பெயர்தான்.

இன்றைய பரிசுக் குழு ஒன்றின் முன் கணைய ஆய்வேடு வந்தால் என்ன நடக்கும்? ‘இந்த ஆய்வினால் சிகிச்சையில் வரும் மாற்றம் என்ன?’ என்ற கேள்விக்கு அந்த மாணவரிடம் பதில் இல்லை. ஒரு கண்டுபிடிப்பின் எதிர்காலத்தை எந்த நடுவராலும் அளக்க முடியாது. உற்றுப் பார்த்தாரா, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாரா, தெரியாததைத் தெரியாது என்றாரா என்பதை மட்டும் அளக்கலாம். பரிசு அளக்க வேண்டியது அதைத்தான்.

பதக்கம் போன இடமும் வரலாறு போன இடமும் வேறாக இருந்த இன்னொரு வழக்கு எடின்பரோவில் உண்டு. 1778-இல் அங்கிருந்த ஈஸ்குலாப்பியன் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை 19 வயது மாணவர் ஒருவருக்குத் தந்தது. பெயர் சார்லஸ் டார்வின். பிற்காலத்தில் பரிணாமக் கொள்கை எழுதியவரின் பெரியப்பா. சீழையும் சளியையும் வேறுபடுத்த வேதிச் சோதனை ஒன்றை அவர் வகுத்திருந்தார். நுரையீரல் நோயாளி துப்புவது எது என்பது அன்றைக்கு உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. அதே ஆண்டு மே மாதம், ஒரு குழந்தையின் மூளையை அறுத்து ஆராயும்போது கையில் பட்ட வெட்டுக்காயத்தால் அவர் இறந்துபோனார். தந்தை எராஸ்மஸ் டார்வின் 1780-இல் மகனின் எழுத்துகளைத் தொகுத்து அச்சிட்டார். பதக்கம் பெற்ற சோதனை இன்று எந்த ஆய்வகத்திலும் இல்லை. அந்த நூலின் பின்னிணைப்பில் தந்தை சேர்த்த, உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு டிஜிட்டாலிஸ் செடி கொடுத்த நோயாளிகளின் குறிப்புகளைத்தான் வரலாற்றாசிரியர்கள் தேடிப் படிக்கிறார்கள். அந்தச் செடியைப் பற்றி வித்தரிங் எழுதிய புகழ்பெற்ற நூல் வந்தது 1785-இல். பதக்கம் அந்த ஏட்டை அச்சுக்குக் கொண்டுவர உதவியது. அச்சில் இருந்ததால் பிற்காலத்தவர் வேறொன்றை அதில் கண்டெடுத்தார்கள்.

பதக்கமும் பயனும் சேர்ந்தே போன சந்தர்ப்பமும் அதே ஊரில் உண்டு. 1887-இல் காசநோய் பற்றிய எம்.டி. ஆய்வேட்டுக்காகத் தங்கப் பதக்கம் பெற்ற ராபர்ட் பிலிப், அதே ஆண்டில் அங்கே ஒரு காசநோய் மருந்தகத்தைத் திறந்தார். வீடு தேடிச் சென்று நோயாளியையும் குடும்பத்தையும் கவனிக்கும் முறை அங்கிருந்து பரவியது.

இனி, பரிசுக் குழு படிக்கத் தவறியதற்கு ஓர் உதாரணம். பிரான்சில் மருத்துவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும். பாரிஸ் மருத்துவப் புலம் சிறந்தவற்றுக்குப் பதக்கம் தந்து வந்தது. 1924-இல் லூயி டெட்டூஷ் என்ற மாணவர் செம்மல்வைஸின் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு எழுதினார். பிரசவ அறைக்குள் போகுமுன் மருத்துவர்கள் கை கழுவ வேண்டும் என்று சொன்னதற்காக வியன்னாவில் ஓரங்கட்டப்பட்டவர் செம்மல்வைஸ். டெட்டூஷின் நடை தீயாக இருந்தது. அவர் பின்னாளில் செலீன் என்ற பெயரில் நாவலாசிரியராகப் பெரும்பெயர் பெற்றவர். ஏட்டுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. செம்மல்வைஸின் எழுத்துகளைத் தொகுத்த ஹங்கேரிய அறிஞர் கியோரி அதன் சுருக்கத்தைப் படித்துவிட்டு, தேதிகளும் இறப்பு எண்ணிக்கைகளும் பிழை என்று அதே ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். செம்மல்வைஸின் வாதம் முழுவதும் இறப்பு எண்ணிக்கையில் நின்றது. அவரைப் பற்றிய ஏட்டில் எண்ணிக்கையே தவறியது. நடையைக் கண்டு மயங்கும் குழு எங்கும் உண்டு. இன்று நடையின் இடத்தில் வண்ண வரைபடங்கள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். எந்த மருத்துவக் கல்லூரி நூலகத்திலும் கண்ணாடி அலமாரியில் பைண்டு செய்த ஆய்வேடுகள் ஆண்டுவாரியாக நிற்கும். முதுகில் தங்க எழுத்து, உள்ளே நெறியாளரின் சான்றிதழ், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம், கடைசியில் நோயாளிகளின் விவரங்களை வரிசை வரிசையாக அடுக்கிய ‘மாஸ்டர் சார்ட்’. முதலாண்டு மாணவர் சேர்ந்த சில மாதங்களிலேயே தலைப்பு கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வார்டின் வழியே இன்னும் பழகியிருக்காது. எனவே தலைப்பு பெரும்பாலும் ‘கைடு’ சொல்வதுதான். சீனியரின் ஏட்டில் ஊரையும் ஆண்டையும் மாற்றினால் போதும் என்ற பழக்கம் அங்கிருந்து வருகிறது. மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஆசிரியரின் நிழலில் தலைப்புத் தேடுவது இன்று தொடங்கியதும் அல்ல. 1754-இல் எடின்பரோவில் ஆய்வேடு கொடுத்த ஜோசப் பிளாக் என்ற மாணவர் முதலில் சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கும் மருந்தாகச் சுண்ணாம்பு நீரை ஆராய நினைத்தார். அங்கே அல்ஸ்டன், விட் என்ற இரு பேராசிரியர்கள் எந்தச் சுண்ணாம்பு சிறந்தது என்று மோதிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையில் சிக்க வேண்டாம் என்று பிளாக் வெள்ளை மக்னீசியாவுக்கு மாறினார். சூடாக்கி எடை போட்டார், எடை குறைந்தது, குறைந்த எடை ஒரு வாயுவாக வெளியேறியது என்று காட்டினார். அந்த ஏட்டிலும் 1756-இல் அச்சான விரிவிலும் அவர் ‘நிலைத்த காற்று’ என்று விவரித்ததை நாம் கரியமில வாயு என்கிறோம். ஒதுங்கிப் போன மாணவருக்குத் தராசு கைகொடுத்தது.

நம் முதுநிலை மாணவர்களிடம் தராசைவிடப் பெரிய செல்வம் இருக்கிறது: வேறெங்கும் அவ்வளவாக வராத நோயாளிகள். பாம்புக்கடி, தேள்கொட்டு, பூச்சிமருந்து குடித்தவர்கள், ஸ்க்ரப் டைஃபஸ், அரளி விதை தின்றவர்கள். அரளியையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் அரளி விதை இதயத் துடிப்பை நிறுத்தக்கூடிய நஞ்சு. யாழ்ப்பாணத்தில் 170 பேரைக் கொண்ட ஆய்வு 1980-களிலேயே வெளிவந்தது. 2000-இல், டிஜாக்சினுக்கு எதிரான எதிர்ப்பொருள் சிகிச்சை அரளி நஞ்சுக்குப் பலன் தருகிறது என்று இலங்கையில் நடந்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது; ஆனால் அந்த மருந்தின் விலை ஏழை நாட்டு மருத்துவமனைக்கு எட்டாதது. கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது உயிர் காக்கும் என்று 2003-இல் இன்னொரு இலங்கை ஆய்வு சொன்னது. 2008-இல் வந்த மேலும் பெரிய ஆய்வு அதனால் பயனில்லை என்றது. இரண்டும் லான்செட்டில் வந்தவைதான்.

இப்படி ஒரு கேள்வி தீராமல் நிற்கும்போது, தமிழ்நாட்டு மாவட்ட மருத்துவமனைகளில் அரளி நோயாளிகளை வரிசையாகப் பதிவு செய்த ஆய்வேடுகளுக்கு மதிப்பு உண்டு. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர், நூறு பேர்தான். தனித்தனியே பார்த்தால் சிறியவை. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை. ‘புதுமை இல்லை’ என்று பரிசுக் குழு இவற்றை ஒதுக்குவது தவறு. 1886-இல் பென்சில்வேனியாவில் பட்டம் பெற்ற இந்தியப் பெண் ஆனந்திபாய் ஜோஷி தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது இந்து மரபில் மகப்பேறு என்ற பொருளை. அயல் நாட்டில் இருந்துகொண்டு தன் ஊர்க் கேள்வியைக் கேட்டார். சொந்த ஊரில் இருந்துகொண்டே நாம் அயலூர்க் கேள்வியை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

படிக்க வசதி இல்லை என்று இன்று சொல்ல முடியாது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான முதுநிலை ஆய்வேடுகளைத் தன் இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. பிஎச்.டி. ஏடுகளுக்கு நாடு தழுவிய ‘ஷோத்கங்கா’ இருப்பதுபோல மருத்துவ முதுநிலை ஏடுகளுக்கு ஒரே கூரை இல்லாத நிலையில் இது பெரிய காரியம். குறை ஒன்று உண்டு: மாஸ்டர் சார்ட் பெரும்பாலும் பக்கமாக மட்டும் கிடைக்கிறது, கணக்கிடத்தக்க அட்டவணையாக அல்ல. நோயாளியின் பெயரையோ உள்நோயாளி எண்ணையோ நீக்காமல் விட்ட ஏடுகளும் உண்டு. அது இனியும் நடக்கக் கூடாது.

நடுவர்களுக்கு இன்னொரு நல்ல கருவியும் இருக்கிறது. 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு, பதிவு செய்யும்போதே ‘இது முதுநிலை ஆய்வேடா?’ என்று கேட்கிறது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தால்தான் ஏற்கிறது. ஆகவே மாணவர் தொடக்கத்தில் எதை அளப்பதாகச் சொன்னார், முடிவில் எதை அளந்ததாக எழுதினார் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். நினைத்தது கிடைக்காமல், கிடைத்ததை நினைத்ததாக எழுதுவது ஆய்வுலகின் பழைய நோய். ‘பி வேல்யூ’ 0.05-க்குக் கீழே வந்ததா என்று மட்டும் பார்க்கும் குழு அந்த நோயை வளர்க்கிறது. மருந்து பலன் தரவில்லை என்று ஒழுங்காக நிரூபித்த ஏட்டுக்கு ஒருமுறை பதக்கம் கொடுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் எண்களை வளைக்க மாட்டார்கள்.

பயிற்சிக்கும் பணத்துக்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் ஆய்வு முறைப் பாடத்தை நாடு முழுவதும் முதுநிலை மாணவர்கள் இணையவழியே படிக்கிறார்கள். ஐ.சி.எம்.ஆர். ஆய்வேடுகளுக்கு நிதி தருகிறது, வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென உள்நிதியே உண்டு. நிதி ஆய்வுக்கு முன்னால் வருகிறது, பரிசு பின்னால். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எந்த நிறுவனமும் நிதியைத்தான் தர வேண்டும். பரிசு தருவதென்றால், தேர்ந்தெடுத்த காரணத்தை இரண்டு பக்கமாவது எழுதி வெளியிட வேண்டும். எதைப் படித்தோம், எது நன்று, எங்கே ஐயம் என்று நடுவர் எழுதும் அந்த இரண்டு பக்கம் மாணவருக்குப் பதக்கத்தைவிட நெடுநாள் உதவும்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டு மருத்துவ ஆய்வேட்டின் பின்னிணைப்பைப் புரட்டினால் ஆங்கிலத்துக்கு நடுவே ஒன்றிரண்டு பக்கம் தமிழில் இருக்கும். அது நோயாளியின் ஒப்புதல் படிவம்: ஆய்வைப் பற்றி எனக்கு விளக்கப்பட்டது, என் முழு மனத்துடன் சம்மதிக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அறிவேன். கீழே கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகைக்கு இடம். ஏட்டில் பெரும்பாலும் அவருக்காக எழுதப்பட்ட பக்கம் அது ஒன்றுதான். ரத்தம் கொடுத்தவருக்கு, அந்த ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று சொல்லும் பக்கம் இல்லை.

பரிசுக்கு விண்ணப்பம் கேட்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அறிவிப்பில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: ஆய்வின் முடிவை, பங்கெடுத்த நோயாளிக்குப் புரியும் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதி இணைக்க வேண்டும், அதை ஆய்வு நடந்த வார்டின் சுவரில் ஒட்ட வேண்டும்.